சுவருக்கு அந்தப் பக்கம் போய் இருந்து கேளுங்கோ

கொஞ்சம் நீளமான பதிவு. சப்வூபர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாக வாசிக்கவும். இல்லாதவர்களும் வாசிக்கலாம், பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கும்.

நான் அளவெட்டியில் ஒரு வீட்டின் அரைவாசியில் வாடகைக்கு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். குடும்பம் புத்தளத்தில். பள்ளிக்கூடம் விட்டு வந்து கொப்பி திருத்தி முடித்தால் பாட்டுத்தான் துணை. என்னிடம் இருந்தது நாலு அங்குல ஸ்பீக்கர் போட்ட இரண்டு சின்னப் பெட்டிகள். குரல் நன்றாக வரும். தவில் மட்டும் பிஸ்கட் தகரத்தில் தட்டியது போல இருக்கும். தவிலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு தவிலை அப்படிக் கேட்பது எனக்கே வெட்கமாக இருந்தது. போன வருடம் காசு சேர்த்து ஒரு சின்ன சப்வூபர் வாங்கினேன். ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி, எட்டு அங்குலக் கோன், அம்பிளிபயர் உள்ளுக்கே இருக்கிறது. அதைத்தான் ‘அக்டிவ்’ என்கிறார்கள்.

வாங்கிய அன்றே பின்னால் இருந்த இரண்டு குமிழையும் கடைசி மட்டும் திருப்பி, பெட்டியை மூலையில் தள்ளி வைத்தேன். அறை அதிர்ந்தது. எனக்குப் பரம திருப்தி.

மூன்று கிழமை கழித்து, வாடகை கொடுக்கப் போன இடத்தில் வீட்டுக்கார அம்மா மெல்லச் சொன்னார். “தம்பி, பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனா பிள்ளையின்ரை மேசையிலை வைக்கிற தண்ணிக் கிளாஸ் நடுங்குது.”

பிள்ளை என்றது அவருடைய பேத்தி. இந்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள், கணிதப் பிரிவு. அவளுடைய மேசை என் சுவருக்கு அந்தப் பக்கம். நான் பெட்டி வைத்த மூலைக்கு நேர் பின்னால். மூன்று கிழமையாக அவள் கொப்பி புத்தகத்தோடு குசினிக்குப் போய் இருந்து படித்திருக்கிறாள்.

“ஏனம்மா அண்டைக்கே சொல்லேல்லை?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். “நீங்கள் வேறை ஆக்கள், மாஸ்டராயும் இருக்கிறியள். சொன்னா மனவருத்தப்படுவியளோ எண்டுதான்.”

அந்தப் பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று பின்னேரம் பிள்ளையின் தம்பியை என் அறையில் விட்டு, நான் வழமையாகப் போடுகிற பாட்டை வழமையான சத்தத்தில் போடச் சொல்லிவிட்டு, அவளுடைய கதிரையில் போய் இருந்தேன். பாட்டே இல்லை. குரல், நாதஸ்வரம் எதுவும் வரவில்லை. ‘தும்... தும்...’ என்று ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் இடித்தது. எந்தப் பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. நான் ரசித்ததில் சக்கை மட்டும் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறது.

காரணம் சிக்கலானதல்ல. ஒலியின் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுவர் தடுக்கிற அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. குரலை ஓரளவு மறிக்கிற அதே கல்லுச் சுவர் பேஸைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீற்றர், என் அறையின் நீளமே அவ்வளவு இல்லை. இதில் எங்கள் வீடுகளில் சுவருக்கு மேலே காற்றுப் போகிற ஓட்டைகள் வேறு. முட்டை மட்டை ஒட்டினால், திரைச்சீலை போட்டால் பேஸ் நிற்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரொலி கொஞ்சம் அடங்கும், பேஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சட்டமும் இந்த இடத்தில் பெரிதாக உதவாது. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், மாலை 6 மணிக்குப் பிறகு 45 டெசிபல். வலிகாமம் வடக்குக்கும் அதுதான். ஆனால் அந்த அளவீடு ‘ஏ’ வடிகட்டி ஊடாக எடுக்கப்படுவது. மெல்லிய சத்தத்தில் எங்கள் காது கேட்கிற விதத்துக்கு ஏற்றபடி தாழ்ந்த ஒலிகளை அது குறைத்துக் கணக்கெடுக்கும், 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபல் கழித்துவிடும். மீற்றரில் எல்லாம் சரியாக இருக்கும். தண்ணீர் கிளாஸ் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகள் பற்றி ஒரு தீர்ப்புக் கொடுத்தது. சில விசேட சந்தர்ப்பங்கள் தவிர, இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. அந்த வழக்கு வெலிகமவில் உள்ள ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் இருந்து தொடங்கியது. எங்கள் ஆட்களில் சிலருக்கு அது அப்போது கசந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது: கேட்க விரும்பாதவரின் காதுக்குள் ஒரு சத்தத்தைத் திணிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, அது எவ்வளவு நல்ல சத்தமாக இருந்தாலும். பள்ளிவாசலுக்குப் பொருந்துவது என் எட்டு அங்குலப் பெட்டிக்கும் பொருந்தத்தானே வேணும்.

சரி, பெட்டியை விற்றுவிட்டேனா? இல்லை. சரியாக வைக்கப் பழகினேன்.

முதலில் பெட்டியைத் தூக்கி நான் இருக்கிற கதிரையின் மேல் வைத்தேன். ஒரே சீரான பேஸ் உள்ள பாட்டொன்றைப் போட்டுவிட்டு, தலையைப் பதித்தபடி அறையைச் சுற்றித் தவழ்ந்தேன். எந்த இடத்தில் பேஸ் வீங்காமலும் காணாமல் போகாமலும் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். உலகம் முழுக்கச் செய்கிற முறைதான், ஆனால் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, எதையும் துலைச்சுப்போட்டியளே?” என்றார்.

மூலை ஏன் கூடாது? என் அறை 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸில் ஒலி முட்டி மோதித் திரண்டு நிற்கும். மூலையில் வைக்கிற பெட்டி அதை இன்னும் கிளப்பிவிடும். கடைசியில் எனக்கு வாய்த்த இடம் கதிரைக்குப் பக்கத்தில், அந்தச் சுவரில் இருந்து எட்டடி தள்ளி. பெட்டி ஆளுக்குக் கிட்ட இருந்தால் சத்தத்தை நன்றாகக் குறைத்தாலும் காணும். சின்னப் பெட்டியின் பெரிய வசதியே அதுதான், கதிரைக்குப் பக்கத்தில் ஸ்ரூல் மாதிரிக் கிடக்கும்.

குமிழ்களில் ஒன்று, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே இந்தப் பெட்டி வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. கடைசி மட்டும் திருப்பினால் ஆண் குரலின் அடிப்பகுதியும் இதற்குள் வந்துவிடும், பாடுகிறவர் பீப்பாவுக்குள் இருந்து பாடுவார். வாப்பாவின் நாகூர் ஹனீபா கசற்றுகளை மாற்றி வைத்திருக்கிறேன். அந்தக் கம்பீரமான குரல் என் மூலைப் பெட்டியில் தடிமன் பிடித்த குரலாகிப் போயிருந்தது. இப்போது 80 இல் வைத்திருக்கிறேன். மற்றக் குமிழ் சத்தம். கேட்கிற மட்டும் கூட்டி, பிறகு பெட்டி இருப்பதே தெரியாமல் போகும்வரை குறையுங்கள். நிறுத்தினால்தான் இருந்தது விளங்க வேணும்.

இதெல்லாம் செய்து முடித்த அன்று இரவு தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். இந்த ஊராருக்கு நான் அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1975 இல் மறைந்த மனிதரைப் பற்றி 40 வருடம் கழித்து அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவில் தேசிய விருது கிடைத்தது. தவிலில் கம்பால் அடிக்கிற தொப்பி ஒரு பக்கம், கூடு போட்ட விரல்களால் வாசிக்கிற வலந்தலை மறுபக்கம். மூன்று கிழமையாக நான் கேட்டது தொப்பியை மட்டும்தான், அதுவும் ஊதிப் பெருத்த தொப்பி. விரல் சொற்கள் முழுக்க அதற்குள் அமுங்கிக் கிடந்திருக்கின்றன. அன்றைக்குத்தான் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. இன்னொன்றும் விளங்கியது. பழைய ரேப் பதிவுகளில் மின்சார இரைச்சல் கலந்திருக்கும், அது 50 ஹேர்ட்ஸ். என் அறை வீங்குகிற 48 க்குப் பக்கத்தில். பேஸ் என்று நினைத்து நான் தலையாட்டியதில் பாதி கரண்ட் இரைச்சல்!

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்ஸை நம்ப வேண்டாம். பின்பக்க லேபலில் எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுக்கும் என்று போட்டிருக்கும், அதைவிடக் கூடத் தொடர்ந்து வெளியே தர முடியாது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், பெரிய சத்தம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது, ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 12 அடி அறையில் விட வேண்டியது பெரிய சத்தத்தை. கனடாவில் இருந்து மச்சான் அனுப்புகிற காசில் ஹோலுக்குள் தியேட்டர் கட்டுகிறவர்களோடும், பின் சீற்றுக்குக் கீழே வூபர் பூட்டி ஓடுகிற ஓட்டோக்காரத் தம்பிமாரோடும் நான் வாதாட வரவில்லை.

இனி அந்த அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் மரியாதையில்தான் சொல்லாமல் இருந்தார், எனக்கு அது விளங்குகிறது. இதே ஒழுங்கையில் ஒரு பெடியன் இப்படிச் சத்தம் போட்டிருந்தால் முதல் நாளே மதிலுக்கு மேலால் ஏச்சு விழுந்திருக்கும். எனக்கு விழவில்லை. நான் மாஸ்டர், அதோடு வேறை ஆள். அந்த மரியாதைக்கு ஒரு பிள்ளை தன் மூன்று கிழமைப் படிப்பைக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் அந்த ஏச்சு வேணும். கதவைத் தட்டி, “தம்பி, உதைக் குறையும்” என்று சொல்லுங்கோ. அப்படிச் சொன்னால்தான் நானும் இந்த ஒழுங்கை ஆள் என்று நினைப்பேன்.

பிள்ளையின் மேசை இப்போது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சோதனை முடியும் மட்டும் இரவு எட்டு மணிக்குப் பிறகு சப்வூபரின் பிளக்கைக் கழற்றி வைக்கிறேன், சின்னப் பெட்டிகள் மட்டும்தான். யாருக்காவது வீட்டில் செற்றை ஒழுங்காக வைத்துப் பார்க்க வேணுமென்றால் சனிக்கிழமை பின்னேரங்களில் வந்து உதவலாம். தவழ நான் தயார். பக்கத்து வீட்டில் போய் இருந்து கேட்க உங்கள் வீட்டில் இருந்து ஒருவர் வர வேணும்.