நிலவைச் சுற்றும் கலத்துக்கு வாரிசு தேவை

2019 செப்டம்பரில் நிலவில் இறங்க முயன்ற விக்ரம் லேண்டருடன் தொடர்பு அறுந்த இரவை நாடு மறக்கவில்லை. ஆனால், அதைச் சுமந்து சென்ற சந்திரயான்-2 ஆர்பிட்டர் அதன் பிறகும் ஓயாமல் நிலவைச் சுற்றிப் படமெடுத்து வந்ததை நினைப்பவர்கள் குறைவு. ஓராண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட கலம் அது. ஏவுதலும் பயணமும் துல்லியமாக அமைந்ததால் மிஞ்சிய எரிபொருள், அதன் ஆயுளை ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு நீட்டித் தந்தது. அந்தக் கெடு நெருங்கிவிட்டது. அதன் இடத்தை நிரப்ப, வரைபடம் எடுப்பதையே முதல் வேலையாகக் கொண்ட புதிய ஆர்பிட்டருக்கு மத்திய அரசு தாமதமின்றி ஒப்புதல் தர வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியதில் இந்த ஆர்பிட்டருக்குப் பெரும் பங்கு உண்டு. இறங்குவதற்கென 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமும் கொண்ட பரப்பு குறிக்கப்பட்டிருந்தது. அதில் எங்கே பாறை, எங்கே பள்ளம், எங்கே சரிவு என்று முன்கூட்டியே காட்டியவை இதன் படங்கள்தான். 100 கி.மீ. உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி வெறும் 25 செ.மீ. தரையைக் குறிக்கும். அந்தக் கூர்மைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு முறை கடக்கும்போது 3 கி.மீ. அகலப் பட்டை மட்டுமே படத்தில் அடங்கும். நிலவின் பரப்போ சுமார் 3.8 கோடி சதுர கி.மீ.

தென்துருவத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்வதால் சிறு மேடு கூட நெடுந்தூரம் நிழல் வீழ்த்தும். அந்த இருட்டுக்குள் கிடக்கும் பாறை தெரியாது. ஆகவே, ஒரே இடத்தை வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டும். உயரங்களைக் கணிக்கக் கலத்தைச் சாய்த்து வேறு கோணத்திலும் எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்யும் வேலை இது. லேண்டர் தயாரான பிறகு அவசரமாகத் தொடங்கி முடிக்க முடியாது.

அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. ஆர்பிட்டர் 2009 முதல் நிலவைச் சுற்றுகிறதே, அதன் படங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். விக்ரமின் சிதறல்களைச் சென்னைப் பொறியாளர் ஒருவர் கண்டறிந்ததும் அந்தப் படங்களில்தான். அந்தத் திறந்த மனதை நாம் மதிக்கிறோம். புதிய ஆர்பிட்டரின் தரவுகளையும் குறித்த காலத்துக்குள் பொதுவில் வைப்பதை இஸ்ரோ விதியாக்க வேண்டும். எனினும், எல்.ஆர்.ஓ.வும் முதிர்ந்த கலமே. அதன் கேமரா எந்த நாளில் எந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் நம்மிடம் இல்லை.

2,104 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற சந்திரயான்-4, நிலவின் மண்ணை எடுத்துவரப் போகிறது. ஜப்பானுடன் இணைந்த அடுத்த திட்டம் தென்துருவப் பகுதியில் ஊர்தியை இறக்கப் போகிறது. 2040க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் கால் பதிக்க வேண்டும் என்பது அரசே அறிவித்த இலக்கு. அந்த மனிதர் இறங்கும் இடத்தைப் பல ஆண்டுகள் கண்காணித்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், புதிய ஆர்பிட்டர் இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புறப்பட்டாக வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்கு நிதி ஒதுக்குக.