நாணயத்தில் நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாத நேர்மை. இவ்விரண்டும் பிரியக்கூடாது என்பதே நமது கருத்து. இதற்கு ஹங்கேரி நாட்டு வெள்ளிக் காசுகளின் வரலாறே சான்று.

கி.பி. 1000-ஐ ஒட்டி முடிசூடிய புனித ஸ்தேவான் அரசர், அந்நாட்டில் முதன்முதலாக 'தெனார்' என்னும் வெள்ளிக் காசை அடித்தார். பின்வந்த மன்னர் பலர் அதன் எடையையும் வெள்ளியையும் குறைத்தனர். நாளடைவில், ஆண்டுதோறும் பழைய காசைத் தள்ளிப் புதுக் காசு வெளியிடும் வழக்கமும் வந்தது. பழையதைக் கூடுதலாகக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். லாபம் கருவூலத்துக்கு, நஷ்டம் மக்களுக்கு!

1222-இல் இரண்டாம் அந்திரேயா மன்னர் வழங்கிய பொன் முத்திரைச் சாசனம், புதுக் காசு ஓர் ஈஸ்டர் முதல் மறு ஈஸ்டர் வரையாவது செல்லவேண்டும் என்றும், பேலா மன்னர் காலத்துக் காசின் தரத்தில் இருக்கவேண்டும் என்றும் கூறியது. இதையும் சாசனத்தில் எழுதி வாங்க வேண்டியிருந்தது என்றால், மக்களின் மனக்குறை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

"அரசு நடத்தப் பணம் வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குச் சார்லஸ் ராபர்ட் மன்னர் விடை காட்டினார். 1330-களில் அவர் மதிப்பு நிலைத்த காசை வெளியிட்டு, ஆண்டு மாற்றத்தைக் கைவிட்டு, அதற்கு ஈடாகக் குடியானவர்களின் வாசல் ஒவ்வொன்றுக்கும் வரி விதித்தார். வரியும் சுமைதான். ஆயினும், இவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது வேறு. பெட்டியிலுள்ள காசு நமக்குத் தெரியாமல் மதிப்பிழப்பது வேறு அன்றோ?

மத்தியாஸ் மன்னர் 1460-களில் நாணயத்தைச் சீர்திருத்தினார். குழந்தை இயேசுவை ஏந்திய தேவமாதாவின் உருவம் தாங்கிய நல்ல தெனார்கள் புழங்கின. 100 தெனாருக்கு ஒரு பொற்காசு. ஆனால் 1521-இல், இரண்டாம் லூயி மன்னர் காலத்தில், அதே மாதா உருவத்துடனேயே வெள்ளி குறைந்த காசுகள் வெளிவந்தன. மேலிருந்த உருவம் மாறவில்லை. உள்ளிருந்த வெள்ளிதான் மாறியது.

தோழியரே, இங்குதான் நமக்குப் பாடம் இருக்கிறது. நம் கழுத்திலும் மாதா பதக்கம் தொங்குகிறது. சட்டையில் பள்ளியின் சின்னம் இருக்கிறது. அவை நம்மை நல்லவர்களாகக் காட்டும், நல்லவர்களாக ஆக்கிவிடா. தேர்வு அறையிலும், கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும், வீட்டில் பெற்றோரிடம் பேசும்போதும் நம்முள் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதே கேள்வி. முத்திரைக்கு ஏற்ற வெள்ளியாக நாம் இருப்போமாக!