யந்திரம் வந்தால் போதுமா?

தூத்துக்குடியைப் பற்றி அண்மைக் காலத்தில் கைச்சாத்தாகியுள்ள உடன்படிக்கைகளில் மூன்று பதங்களைத் தவறாமல் காண்கிறோம். புதுமை என்பது ஒன்று. தொழில்நுட்பக் கூட்டுறவு என்பது மற்றொன்று. சுற்றுச்சூழலைக் கெடுக்காத நீடித்த வளர்ச்சி என்பது மூன்றாவது. 2024-ம் வருஷம் ஜனவரி மாதம் சென்னையில் கூடிய முதலீட்டாளர் மகாநாட்டில் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் கம்பெனி 36,238 கோடி ரூபாய்த் திட்டத்திற்குத் தமிழ்நாட்டு சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதே வருஷத்தில், ஆண்டொன்றுக்கு 2 லட்சம் டன் பசுமை அமோனியாவை இக்கரையில் உண்டாக்கி ஜப்பானுக்கு ஏற்றுவதென்று அக்கம்பெனியும் ஜப்பானியக் கம்பெனிகளும் பூர்வாங்க ஏற்பாடு செய்தன. 2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் 3.87 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பரீட்சார்த்த ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு மெத்தனால் எரிபொருள் வழங்கும் நிலையத்திற்கும் அன்றே அடிக்கல் நாட்டப்பெற்றது.

இவற்றை நாம் வரவேற்கிறோம். வேலையின்றி வளைகுடா நாடுகளுக்கும் கப்பல்களுக்கும் போகும் இளைஞர் நிறைந்த ஜில்லாவில் தொழில் வேண்டாமென்று சொல்லுவோர் யாருமிலர். எனினும் அழகிய பதங்கள் உடன்படிக்கையின் முகவுரையில் இருக்கின்றனவா, நியாயஸ்தலத்தில் நிற்கக்கூடிய ஷரத்துக்களில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நமது கடமை. கூட்டாகச் செய்த ஆராய்ச்சியில் ஒரு புதிய முறை பிறந்தால் அதற்கு உடையவர் யார்? கொண்டுவந்த முறையை நம் பொறியாளர் இங்கே திருத்தி மேம்படுத்தினால் அத்திருத்தம் யாருடையது? ஒப்பந்த காலம் முடிந்தபின் அந்த யந்திரத்தை நாமே செய்துகொள்ளலாமா, அல்லது மறுபடியும் அயலூரானிடமே கை நீட்டவேண்டுமா? இவற்றுக்கு விடை எழுதாத ஒப்பந்தத்தைக் கூட்டுறவு என்று அழைப்பதைவிட வாடகைச் சீட்டு என்று அழைப்பதே பொருந்தும்.

இஃது ஊகத்தின்மேல் எழும் ஐயமன்று. முத்தையாபுரத்திற்கே சென்று பார்க்கலாம். திருச்செந்தூர்ச் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, ஸ்பிக் உரத் தொழிற்சாலையை அடுத்து, தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் என்னும் ஆலை இருக்கிறது. ஸ்பிக் கம்பெனியும் தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோ ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கியது அது. கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் வேண்டிய சோடா சாம்பலைச் செய்வது அதன் தொழில். அதற்கு உப்பு, அமோனியா, கரியமில வாயு ஆகிய மூன்றும் வேண்டும். உப்பு நம் கரையில் மலைபோல் குவிந்து கிடப்பது. நம்பகமாகக் கிடைக்காதது கரியமில வாயுவே. 2016-ல் அவ்வாலை தனது நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அவ்வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியது. புகைமேல் ஒரு ரசாயன திரவத்தைத் தூவினால் அது கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பின்பு சூடுபடுத்தினால் விட்டுவிடும். வருஷத்திற்கு 60,000 டன் வரையில் பிடிக்கலாமென்று கணக்கிட்டனர். சர்க்கார் மானியம் இல்லாமல், லாபத்தையே கருதி இதைச் செய்தார்கள் என்பதுதான் உலகத்தை வியக்கவைத்தது. 2017 ஜனவரியில் லண்டன் செய்தி ஸ்தாபனங்கள் நமது முத்தையாபுரம் பக்கத்துப் புகையைப் பற்றி எழுதின.

(பிடித்த வாயு என்றைக்கும் அடங்கிக் கிடக்கும் என்று சிலர் எழுதியது மிகை. சோடா சாம்பலைக் கண்ணாடி உலையில் இட்டு உருக்கினால் அவ்வாயு திரும்பவும் வெளியேறும். ஆயினும், வேறிடத்தில் வாங்கவேண்டிய வாயுவைப் புகையிலிருந்தே எடுத்தது மெய்யான சிக்கனமே.)

அந்தத் திரவத்தைக் கண்டவர் யார்? காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அநிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்னும் இரண்டு இந்திய இளைஞர். 2009-ல் அவர்கள் கம்பெனி தொடங்கினார்கள். இந்தியாவில் அவர்களுக்கு மூலதனம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் மானியமும் குடியேறும் சலுகையும் தந்து அழைத்துக்கொண்டது. கம்பெனி லண்டன் கம்பெனியாயிற்று. மூளை இந்தியருடையது, முதல் பெரிய சோதனைக்கு இடங்கொடுத்தது தமிழ்நாட்டு ஆலை, ஓட்டிக் காட்டியவர் தமிழ்த் தொழிலாளர். கம்பெனியின் இருப்பிடமோ தேம்ஸ் நதிக்கரை. அவ்விளைஞரைக் குறைகூற நமக்கு மனமில்லை. வீட்டில் சோறு போடாதவன் பிள்ளை அயலகத்தில் உண்டான் என்று வருந்துவதில் என்ன நியாயம்?

ஷரத்தின் வலிமையை இவ்வூர் முன்பே அறியும். 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களே ஓடின. ஆங்கிலக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலால் அவை திரும்பப் பெறப்பட்டன. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திக் காலந்தள்ளியபடியே பிள்ளையவர்கள் முதல் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்தன. பிறர் கப்பலில் நம் கொடி பறந்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

இதற்கு நேர்மாறான, மகிழத்தக்க உதாரணமும் அதே முத்தையாபுரம் பக்கத்தில் உண்டு. ஸ்பிக் ஆலையைத் துணையாகக் கொண்டு 1978-ல் கனநீர் ஆலை ஒன்று அங்கே இயங்கத் தொடங்கியது. முறையும் முக்கிய சாதனங்களும் பிரான்ஸிலிருந்து வந்தவை. பரோடா ஆலையும் அவ்வாறே. ஆனால் அணுசக்தி இலாகா அந்த யந்திரங்களை ஓட்டுவதோடு நின்றுவிடாமல், அவற்றின் மர்மங்களைத் தன் பொறியாளருக்குப் பழக்கியது. விளைவு என்ன? 1987-ல் மகாராஷ்டிரத்துத் தால் என்னுமிடத்திலும், பின்னர் ஹஜீராவிலும், அதே அமோனியா முறையில் நம்மவரே ஆலை கட்டினார்கள். பிற்காலத்தில் தென் கொரியா முதலிய நாடுகளுக்கு இந்தியா கனநீர் விற்றது. முன்னே சொன்ன ஆலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கூட்டாளியின் நற்குணத்தைப் பொறுத்ததன்று. கற்றுக்கொள்வதற்கென்றே ஆளும் பணமும் ஒதுக்கிய ஒருவர் இந்தப் பக்கத்தில் இருந்ததைப் பொறுத்தது. முத்து விஷயத்திலும் அப்படியே. வளர்ப்பு முத்தின் ரகசியத்தை ஜப்பானியர் நெடுங்காலம் அன்னியருக்குச் சொல்லவில்லை. 1973-ல் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சர்க்கார் செலவில் தாமே முயன்று உருண்டை முத்தை விளைவித்தனர்.

சட்டமும் நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. தமிழரான நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையில், இந்தியாவில் பதிவான பேடண்டுகளில் 100-க்கு 80 முதல் 90 வரை அன்னியருடையவை என்றும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் பயன்படுத்தப்படவே இல்லை என்றும் எடுத்துக்காட்டினார். அதன் பயனாகப் பிறந்த 1970-ம் வருஷத்துச் சட்டத்தின் 140-வது பிரிவு, 2002-ம் வருஷத் திருத்தத்திற்குப் பிறகு, உரிமம் பெற்றவன் செய்யும் திருத்தத்தை உரிமம் கொடுத்தவனுக்கே முழு உரிமையாக ஒப்படைக்கவேண்டும் என்னும் ஷரத்தைச் செல்லாததாக்குகிறது. பேடண்டின் செல்லுந்தன்மையை எதிர்த்துக் கேட்கக்கூடாது என்னும் ஷரத்துக்கும் அதே கதி. ஆனால் பேடண்டில் அடங்காத தொழில் ரகசியங்கள், ஓட்டும் கணக்குகள், வரைபடங்கள் ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவு எட்டாது. தாய்க் கம்பெனிக்கு நூறு சதவீதம் சொந்தமான கிளைக் கம்பெனி இங்கே வந்து ஆலை வைத்தால், உரிமம் தருபவனும் பெறுபவனும் ஒரே வீட்டாராகிவிடுகிறார்கள். அங்கே எந்தச் சட்டமும் தானாக வந்து பேசாது. நிலமும் நீரும் தரும் சர்க்கார்தான் பேசவேண்டும்.

கடுமையாகப் பேசினால் முதலாளி வேறு ராஜ்யத்திற்குப் போய்விடுவான் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சிப்காட் நிலத்தைப் பொறுத்தவரையில் இந்த அச்சத்தில் உண்மை உண்டு. ராஜ்யங்கள் ஒன்றையொன்று விலை குறைத்து அழைப்பதை நாம் பார்க்கிறோம். துறைமுகங்களின் விஷயம் வேறு. ஹைட்ரஜன் கேந்திரங்களாகக் குறிக்கப்பட்ட காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடி மூன்றும் மத்திய சர்க்காரின் ஆதீனத்தில் உள்ளவை. மூன்றிலும் ஒரே ஷரத்தை எழுதினால் முதலாளி எங்கே ஓடுவான்?

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2 லட்சம் டன் அமோனியாவில் ஏறக்குறைய 35,000 டன் ஹைட்ரஜன் உண்டு. அதை நீரிலிருந்து பிரிக்க, ரசாயனக் கணக்கின்படியே வருஷத்திற்கு 3 லட்சத்துச் சொச்சம் டன் தூய நீர் செலவாகும். குளிர்விப்பதற்கும் சுத்திகரிப்புக்கும் வேண்டியது இதற்கு மேல். தாமிரபரணியின் கடைமடை வயல்களையும் குடிதண்ணீர்க் குழாய்களையும் நினைப்பவர் யாரும், அந்நீர் ஆற்றிலிருந்தா கடலிலிருந்தா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்பார்கள். கடல் நீரைச் சுத்திகரிப்பதானால் மிஞ்சும் கடும் உவர்நீர் மன்னார் வளைகுடாவில் எங்கே விழும் என்பதும் எழுதப்படவேண்டும். ஆலையின் புகை, கழிவு, நீர் ஆகியவற்றின் அளவுகள் ஆலைக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்டால் வெளியே சந்தேகம் வளரும். 2018 மே மாதத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்ட நகரத்திற்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அளவுகளைத் தினந்தோறும் பொதுஜனங்கள் காணும்படி வெளியிடுவது கம்பெனியின் தயவாக இல்லாமல், தவறினால் அபராதம் விதிக்கும் ஷரத்தாக இருக்கவேண்டும்.

ஆகவே துறைமுக அதிகாரிகளிடமும் சென்னை சர்க்காரிடமும் நாம் கேட்பவை இவை. பொது நிலத்தில் அமையும் ஒவ்வொரு திட்டத்திலும், இங்கே செய்யப்படும் திருத்தங்களை எவ்விதக் கட்டணமுமின்றி இந்தியாவில் உபயோகிக்கும் உரிமை இந்தியப் பங்காளிக்கு எழுதித் தரப்படவேண்டும். யந்திரங்களை ஓட்டுவதற்கு மட்டுமின்றி வடிவமைப்பதற்கும் இவ்வூர் வ.உ.சி. பொறியியல் கல்லூரி மாணவரையும் பாலிடெக்னிக் மாணவரையும் இன்ன தொகை பழக்கவேண்டும் என்று எண்ணிக்கை குறிக்கப்படவேண்டும். விலைத் தகவல் நீங்கலாக ஒப்பந்தங்கள் பிரசுரிக்கப்படவேண்டும். மெத்தனால் நிலையம் 35.34 கோடி ரூபாய் மதிப்புள்ள சிறு திட்டமே. பல்லாயிரம் கோடி ஒப்பந்தங்கள் மேஜைக்கு வருமுன், இந்தச் சிறு திட்டத்திலேயே மேற்கண்ட ஷரத்துக்களை எழுதிப் பார்ப்பதற்கு என்ன தடை என்று நமது பார்லிமெண்டு அங்கத்தினர் வரும் கூட்டத்தில் கேட்பாராக.