குண்டூசிக் கணக்கில் வராத சாதி

பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டில் எங்களுக்கு முதலில் நடத்தியது ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை. ஒருவர் கம்பியை நீட்ட, இன்னொருவர் வெட்ட, மற்றொருவர் முனையைக் கூராக்க, பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்துவிடுவார்கள். வேலைப் பகுப்பின் நன்மைகள் யாவை? பத்து மதிப்பெண் வினா. நானும் ஆறு நன்மை எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

ஸ்மித் அந்தப் புத்தகம் போட்ட 1776க்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்களில் வேலைப் பகுப்பு இருந்தது. பறையடிக்க ஒருவர், பிணம் எரிக்க ஒருவர், செத்த மாட்டைத் தூக்க ஒருவர். குண்டூசி செய்பவர் பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடலாம். இவர்கள் 'இனி செய்யமாட்டோம்' என்றால் அடி விழும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அதை எழுத எங்கள் விடைத்தாளில் இடமில்லை.

மூன்றாண்டில் அம்பேத்கர் வந்தது ஒரே ஒரு பக்கம். அதுவும் 'அரசியலமைப்புச் சட்டத்தை வடித்தவர்' என்று தொடங்கும். கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் பட்டம் பெற்றவர், 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் வெளியிட்டவர், நாணயச் சீர்திருத்தத்துக்கான ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர். பணவியல் தாளில் கெயின்சும் ஃபிஷரும் வந்தார்கள், இவர் வரவில்லை.

"சாதி சமூகவியல் பாடம்ப்பா, நம்ம பாடம் இல்ல" என்றார் பேராசிரியர் ஒருவர். நல்ல மனிதர், உதவித்தொகை தாமதமானபோது எங்களுக்காகத் தேர்வுக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு அலைந்தவர். ஆனால் அந்தப் பதிலை என்னால் விழுங்க முடியவில்லை. அன்று அவர் நடத்திக்கொண்டிருந்தது கூலிக் கோட்பாடு. உழைப்பின் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டுமிடத்தில் கூலி தீர்மானமாகும் என்று பலகையில் வரைந்திருந்தார். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பகை மூண்டது நெல் கூலியை உயர்த்தக் கேட்டதிலும், செங்கொடிச் சங்கம் வைத்ததிலும். அந்தக் கோடுகள் எங்கே வெட்டின? கூலி கேட்டவர் சேரிக்காரர், கொடுக்க மறுத்தவர் மிராசுதார். இதை விட்டுவிட்டு அந்த ஊரின் கூலியை எந்த வரைபடம் விளக்கும்?

நிலமும் அப்படித்தான். சாலையின் ஒருபுறம் ஊர், மறுபுறம் காலனி என்றால் மனை விலை ஒன்றாக இருப்பதில்லை. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, பேருந்து நிறுத்தம்கூட ஒன்று. தரகரிடம் கேட்டால் காரணத்தை உடனே சொல்வார், பாடநூலில் தேடினால் கிடைக்காது.

இதற்குத் தனித்தாள் வேண்டும் என்பதே என் கோரிக்கை. 'சாதியும் பொருளாதாரமும்', விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயப் பாடமாக. விருப்பப் பாடம் என்றால் எந்தப் பிள்ளைகள் எடுப்பார்கள், எந்தப் பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவருக்கும் ஓர் இடம் உண்டு. படித்து முடித்த தோழர்களே, உங்கள் துறையில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் என் துறைக்கு மனு கொடுத்துவிட்டேன்.