ஜே.எம். முத்திரை

போன அக்டோபரில் 450 டாலருக்கு ஒரு ரைஃபிள் வாங்கினேன். மார்லின் 336. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், கௌபாய் படங்களில் பார்ப்போமே, அந்த வகை. விற்றவர் எங்கள் கிளப்பில் இருக்கும் எழுபது தாண்டிய பெரியவர். அவர் அதை மேஜையில் வைத்ததும் நான் செய்த முதல் காரியம், குனிந்து, குழலின் இடது பக்கத்தில் பொடி எழுத்தில் ஜே.எம். என்று குத்தியிருக்கிறதா எனப் பார்த்ததுதான். இருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று அப்புறம்தான் கேட்டேன். தோட்டா விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார். அந்த முத்திரை இருந்தால் சந்தையில் 800, 900 டாலர் வரை போகும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை பழைய துப்பாக்கிப் பிரியர்களுக்கு எதிரானது. அவர்களில் ஒருவனாக இருந்துகொண்டுதான் எழுதுகிறேன். நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி பக்கம் குடியிருக்கிறேன். எச்1பி விசாவில் இருப்பவன் வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விதிவிலக்கு இல்லாமல் இந்த நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கிரீன் கார்டு வரும்வரை வாங்க முடியாததால் படித்துக்கொண்டே இருந்தேன். எந்த மாடல் எந்த வருடம் நின்றது, எந்த சீரியல் நம்பருக்கு முன்னால் வாங்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். என்னை இதில் இழுத்துவிட்ட கல்லூரி நண்பன் சொன்னது இவ்வளவுதான்: ‘மச்சி, இந்த மாதிரி இனிமே எவனும் செய்ய மாட்டான்டா. தங்கம் மாதிரி. வாங்கிப் போடு, சுட்டுடாதே.’

ஜே.எம். என்பது ஜான் மாலன் மார்லின். 1870-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் கம்பெனி ஆரம்பித்தவர். பக்கத்து ஊரான நார்த் ஹேவன் ஆலையில் செய்த துப்பாக்கிகளில் இந்த முத்திரை இருக்கும். 2007-ல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கியது. அந்த வருடக் கடைசியிலேயே ரெமிங்டன் மார்லினை வாங்குவதாக அறிவித்தது. 2010-ல் நார்த் ஹேவன் ஆலையை மூடப்போவதாகச் சொன்னார்கள், 2011-ல் மூடினார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றி நியூயார்க் மாநிலத்தின் இலியனில் இருந்த ரெமிங்டன் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்களைக் கொண்டுபோகவில்லை.

அடுத்து நடந்தது துப்பாக்கி உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புதிதாக வந்த மார்லின்களில் மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி. குறி பார்க்கும் முனை கோணல். லீவர் சிக்குகிறது. ஜனங்கள் ‘ரெம்லின்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பல வருடம் ஓடித் தேய்ந்த மெஷின்கள் அவை. எந்த மெஷினை எவ்வளவு தள்ளி வைத்து ஓட்டினால் அளவு சரியாக வரும் என்பது வரைபடத்தில் இல்லை. முப்பது வருடம் அதன் முன்னால் நின்றவனின் கையில் இருந்தது.

சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வார்த்தை: கேட்டி. நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்.

நார்த் ஹேவன் மூடிய அதே சமயத்தில் நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஃப்ரெஷர். ராத்திரி ஷிஃப்ட். அதே கனெக்டிகட்டில் இருந்த ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வேலை எங்களுக்கு வந்திருந்தது. அங்கே 22 வருடம் கோபால் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் ஆறு வாரம் தினமும் போனில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஆறு வாரம் முடிந்தால் அவருக்கு வேலை கிடையாது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், யாரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் ஒரு விஷயம் சொன்னார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஒரு குறிப்பிட்ட பேட்ச் ஜாப் பாதியில் நிற்கும், அதற்கு முன்னால் ஒரு ஃபைலைக் கையால் நகர்த்த வேண்டும், டாக்குமென்ட்டில் இருக்காது, நாங்கள் பழக்கத்தில் செய்துகொண்டிருந்தோம் என்றார். விடிகாலை மூன்றரை மணி. எனக்குத் தூக்கம். எழுதிக்கொள்ளவில்லை. நாலு மாதம் கழித்து மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஜாப் நின்றது. அவரைக் கூப்பிட்டுக் கேட்க எங்களிடம் நம்பர்கூட இல்லை.

ஆக ரெம்லினைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை கிடையாது. இலியனில் அந்த மெஷின்களின் முன்னால் நிறுத்தப்பட்டவன் நான்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நான் போய் உட்கார்ந்துகொண்ட இடத்தைப் பாருங்கள்: ஆளை அனுப்புவதற்கு முன்னால் செய்தது, அனுப்பிய பின்னால் செய்தது என்று பிரித்து, முன்னதுக்கு இரட்டை விலை போட்டுப் பேசுகிற இடம்.

பிரியர்களிடம் என் முதல் சண்டை இதில்தான். அவர்கள் ‘அந்தக் காலத்துக் கைவேலை’ என்று உருகுகிறார்கள். அந்தக் கை யாருடையது, அது இப்போது என்ன செய்கிறது என்று கேட்டால் சட்டென்று அரசியலுக்குத் தாவிவிடுகிறார்கள். துப்பாக்கி எதிர்ப்பாளர்களும் அவர்கள் போட்ட சட்டங்களும்தான் நல்ல கம்பெனிகளை அழித்துவிட்டன என்று ஒரு கதை இருக்கிறது, கிளப்பில் வாரம் ஒருமுறை கேட்பேன். கொஞ்சம் தேதிகளைப் பார்ப்போமா? நார்த் ஹேவன் மூடியது 2011-ல். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுடப்பட்டது 2012 டிசம்பரில். நியூயார்க், கனெக்டிகட் இரண்டும் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தது 2013-ல். எந்தச் சட்டம் காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த ஆலையை மூடியது? மூடியது ஒரு கணக்குப் புத்தகம். அதன் மேல் ஏன் உங்களுக்குக் கோபம் வரவில்லை?

இரண்டாவது சண்டை, ‘பழசுதான் தரம்’ என்பது. வின்செஸ்டர் மாடல் 70 என்று ஒரு ரைஃபிள், 1936-ல் வந்தது. 1964-ல் செலவைக் குறைக்க அதை மாற்றினார்கள். தோட்டாவைக் கவ்விப் பிடிக்கும் பெரிய நகம் போயிற்று, மரத்தில் செதுக்கிய கட்டம் போய் அச்சில் அழுத்திய கட்டம் வந்தது. அன்றிலிருந்து ‘64-க்கு முந்தியது’ என்பது ஒரு ஜாதிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஏன் மாற்றினார்கள் என்பதைப் பிரியர்கள் பாதிதான் சொல்வார்கள். ரெமிங்டன் அதற்குள் 700 என்ற மாடலை இறக்கியிருந்தது. உருண்டைக் கம்பியைக் கடைந்து செய்கிற உடல், உதையைத் தாங்க நடுவில் வாஷர் போல ஒரு தகடு. செய்ய மலிவு, குறி துல்லியம். வாங்குகிறவர்கள் அங்கே போனார்கள். அதாவது, இன்றைய பிரியரின் அப்பாவும் தாத்தாவும் கடையில் நின்று விலை பார்த்து மலிவானதை வாங்கினார்கள். அதில் தப்பே இல்லை, என் அப்பாவும் அப்படித்தான் வாங்குவார். ஆனால் தாத்தா வேண்டாம் என்று விட்டதைப் பேரன் ‘துரோகம் பண்ணிட்டாங்க’ என்று புலம்பி மூவாயிரம் டாலருக்குத் தேடுவதற்குத் தரம் என்று பெயர் வைக்க வேண்டாம். இன்றைக்கு ஐநூறு டாலருக்குள் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டை போட்ட ரைஃபிள் காகிதத்தில் போடும் ஓட்டைகளைப் பார்த்தால், பல பழைய மாடல் 70-கள் வெட்கப்படும். மெருகும் மரமும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். அழகு என்றே சொல்லுங்கள்.

தரம் இல்லையென்றால் விலையை ஏற்றுவது எது? அருமை. கிடைக்காமை. 1986 மே மாதம் வந்த சட்டம், அதற்கு மேல் புதிய மெஷின் கன்களைத் தனிநபர் பதிவு செய்ய முடியாதபடி கதவைச் சாத்தியது. அதற்கு முன் பதிவான ஒரு எம்16-க்கு இன்று 20 ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். ராணுவத்துக்கு அது மொத்தக் கொள்முதல் சரக்கு. கோல்ட் பைத்தன் ரிவால்வரை ‘வாக்கிங் டெட்’ சீரியலின் நாயகன் இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தான், அப்போது அது உற்பத்தியிலேயே இல்லை, விலை எகிறியது. 2020-ல் கோல்ட் அதை மறுபடி செய்து 1,499 டாலருக்கு விட்டபோது, அதுவரை கிடைக்கவில்லையே என்று அழுதவர்கள் ‘இது அது இல்லை’ என்று முகம் திருப்பினார்கள். நம் ஊரிலும் இதே கதைதான். இந்தியா எண்பதுகளின் நடுவில் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தியது, அதனால் இங்கிலாந்தில் செய்த பழைய வெப்லி ரிவால்வர் அங்கே லட்சங்களில் கைமாறுகிறது. துப்பாக்கியே வேண்டாம், 1996-ல் நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐ லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் தம்பிக்கு இந்த வியாதி என்னவென்று நன்றாகத் தெரியும். அவனாவது ஓட்டுகிறான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. சுடுவது ஒரு பழக்கம். கிட்டாரோ கேரமோ மாதிரி, கை படப் படத்தான் வரும். அதற்கு வேண்டியது தோட்டா. பாதுகாப்பாகக் கையாளுவதுகூட அந்தப் பழக்கத்தில்தான் வரும். இன்றைக்கு எங்கள் பக்கம் .30-30 தோட்டா ஒன்று சுமார் ஒன்றரை டாலர். இருபது கொண்ட ஒரு பெட்டி முப்பது. 2023 செப்டம்பரிலிருந்து இந்த மாநிலத்தில் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் பின்னணிச் சரிபார்ப்புக்கு இரண்டரை டாலர் கட்டணம். கிளப்பில் எல்லோரும் இந்த இரண்டரை டாலரைத்தான் திட்டுவார்கள். பெட்டகத்துக்கு ஆயிரத்து ஐநூறு செலவழித்தவரும் திட்டுவார்.

முப்பது டாலரை யார் முப்பது ஆக்கியது என்று கேட்டால் மௌனம். பித்தளை, ஈயம், சம்பளம் எல்லாம் ஏறியது உண்மை. ஆனால் 2012 டிசம்பரில் அந்தக் குழந்தைகள் செத்த சில வாரங்களில் நாடு முழுக்கத் தோட்டா அலமாரிகள் காலியாயின. சிறுவர்கள் முதன்முதலில் சுடப் பழகும் .22 தோட்டா, இருப்பதிலேயே மலிவானது, அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. தடை வரும் என்ற பயத்தில் அள்ளினார்கள். 2020-ல் மறுபடி அதே கூத்து. 20 சென்ட் விற்ற 9 எம்எம் தோட்டா அடுத்த வருடம் மூன்று மடங்குக்கு மேல் போயிற்று. வீட்டில் பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தித் தோட்டா செய்துகொள்கிறவர்களும் தப்பவில்லை, பிரைமர் காணாமல் போனது. அள்ளியவர்களின் நிலவறையில் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெரியவர் நிலவறையில் எதுவும் இல்லை. மாதம் ஒரு பெட்டி வாங்கி, மாதம் ஒரு பெட்டி சுடுகிற ஆள். எங்கள் கிளப்பில் நின்றபடி நூறு கெஜத்தில் அவரைப் போல் சுட யாருமில்லை. அவரை வெளியே தள்ளியது ஆல்பனியில் சட்டம் போட்டவர்கள் என்று என் நண்பன் சொல்கிறான். தள்ளியது நாம் என்று நான் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள்: துப்பாக்கியால் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில் உட்கார்ந்து மரக்கட்டை, மெருகு, முத்திரை என்று பேசுகிறாயே? நியாயம்தான். சாண்டி ஹூக்கில் பயன்பட்ட புஷ்மாஸ்டர் ரைஃபிளை விற்றதும் மார்லினை விழுங்கிய அதே குழுமம்தான். 2022-ல் அந்தக் குடும்பங்களுக்கு 73 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது, அதற்குள் கம்பெனி இரண்டு முறை திவாலாகியிருந்தது. இதை எந்தப் பிரியரிடமும் பேச முடியாது. அவர் தன் வால்நட் கட்டையைத் தடவியபடி, ‘அது வேற, நாங்க வேற, இது ஆன்டிக்’ என்பார். பழைய துப்பாக்கிக்கு இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. கையில் துப்பாக்கியும் இருக்கும், துப்பாக்கி பற்றிய கேள்வியில் தான் இல்லை என்ற நிம்மதியும் இருக்கும். நானும் அந்த நிம்மதிக்குத்தான் 450 டாலர் கொடுத்தேனோ என்னவோ.

போன மாதம் இலியன் வழியாகக் காரில் போனேன். எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம். 2024 மார்ச்சில் அந்த ஆலையையும் மூடிவிட்டார்கள், வேலை ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனது. கடைசியில் சுமார் 270 பேர் இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கம்தான் அவர்களுக்கும் சங்கம், சுரங்கமே இல்லாத ஊரில். 1870களில் இதே ஊரில்தான் ரெமிங்டன் தட்டச்சு இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. க்வெர்ட்டி வரிசை கடைக்கு வந்தது அந்த மெஷினோடுதான். எங்கள் ஊர் இன்ஸ்டிட்யூட்டில் என் அக்கா டைப் லோயர் பாஸ் பண்ணியது ரெமிங்டன் பெயர் போட்ட மெஷினில். அந்தப் பெயர் துப்பாக்கிக்கும் உரியது என்று அன்று எங்களுக்குத் தெரியாது. செங்கல் கட்டடம் தெருவை ஒட்டி நீளமாக நிற்கிறது. நான் காரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் படம் எடுத்திருப்பேன், நண்பனுக்கு அனுப்பியிருப்பேன். அவன் ‘அப்ப இலியன் முத்திரைக்கும் இனி ரேட் ஏறும்டா’ என்று பதில் போட்டிருப்பான்.

துப்பாக்கியை இதுவரை ஒருமுறைகூடச் சுடவில்லை. பெரியவருக்கு நான் தர வேண்டியது சுமார் 400 டாலர். இரண்டரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு பெட்டித் தோட்டா, அவருக்கு ஒரு வருடம் ஓடும். ‘அவர்தானே விலை சொன்னாரு, உனக்கென்ன பைத்தியமா’ என்கிறான் நண்பன். துப்பாக்கியையே திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு இருவரும் மறுபடி கடைக்குப் போய்ச் சரிபார்ப்புக்கு ஒன்பது டாலர் கட்ட வேண்டும். அவரிடம் இன்னும் பேசவில்லை. இரண்டு சனிக்கிழமையாக அவர் கிளப்புக்கு வரவில்லை.