சைபரா, முதலிடமா?

செஞ்சியில் லாட்ஜ் வைத்திருக்கும் நண்பன், ‘நெட்ல தேடினா நாம எத்தனாவதா வர்றோம்னு சொல்ல ஒரு டூல் இருக்காம். ஏஐ ஏஜென்ட்டே ஓட்டிக்குமாம். வாங்கலாமாடா?’ என்றான். 2025 ஜூலையில், மராட்டியக் கோட்டைகள் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து அவனுக்கு ராஜகிரி உச்சியில் நிற்கிற நினைப்பு.

நான் பி.காம். பாலன்ஸ் ஷீட்டைவிட அடிக்குறிப்பை முதலில் படிக்கிற ரகம். டூலின் விளக்கக் குறிப்பைப் புரட்டினேன். ‘ரேங்க்: ஓர் எண்.’ அவ்வளவுதான். எந்த ஊரிலிருந்து தேடியது? (சென்னையில் ஒரு வரிசை வரும், புதுச்சேரியில் வேறு.) மொபைலிலா, கம்ப்யூட்டரிலா? ‘செஞ்சி’ என்றா, வெள்ளைக்காரன் வைத்த ‘ஜிஞ்ஜி’ என்றா? மூச்!

இல்லாத லாட்ஜ் ஒன்றின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். ‘ரேங்க் 0’ என்றது. மனுஷன் என்றால் சந்தேகப்பட்டு போன் போடுவான். ஏஜென்ட்டுக்கு அந்தக் குறிப்புதான் வாத்தியார். சைபர் ஒன்றைவிடச் சின்னது, ஆகவே முதலிடத்துக்கும் மேலே என்று சந்தோஷமாக ரிப்போர்ட் எழுதிவிடலாம். நண்பனும் அதை நம்பி விளம்பரத்தை நிறுத்திவிடுவான்.

‘சைபர் என்றால் என்ன? குறிப்பிலேயே எழுதுங்கள்’ என்று கம்பெனிக்கு மெயில் தட்டியிருக்கிறோம். எழுதின பிறகுதான் அட்வான்ஸ்.