சுவர் கூரையைத் தொடவேண்டும்

கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. வைத்தியசாலையில் 2011 டிசெம்பர் 9ஆந் திகதி அதிகாலையில் தீப்பற்றியது. தீ மூண்டது நிலக்கீழ்த் தளத்தில். மடிந்தோருட் பெரும்பாலோரோ மேல்மாடிகளிற் படுத்திருந்த நோயாளர். ஏறத்தாழ 90 உயிர்கள் போயின. அவர்களுட் பெரும்பாலோர் புகையால் மூச்சடைத்தே மாண்டனர். குளிரூட்டுவதற்கென அமைத்த காற்றுக் குழாய்களே அப்புகையை அவர்தம் கட்டிலண்டை கொண்டுசேர்த்தன. வாகனம் நிறுத்துவதற்கென அனுமதி பெற்ற அத்தளத்தில் எரியும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. சட்டம் ஏட்டில் இருந்தது, அதைக் கேட்பாரில்லை.

இத்தகைய சாவைத் தடுக்கும் கருவி புதியதன்று. பெரிய கட்டடங்களில் தீயை மறிக்கச் சுவரெழுப்புவர். காற்றுக் குழாய் செல்லுமிடத்தில் அச்சுவரைத் துளைக்கவேண்டியதாகிறது. அத்துளையில் 'டாம்பர்' எனும் உலோக மடலைப் பொருத்துவர். ஏறத்தாழ 72 பாகை செல்சியசில் உருகும் சிறு இணைப்பொன்று மடலைத் திறந்தபடி வைத்திருக்கும். வெப்பம் ஏறினால் அது உருகும். வில்லின் விசையால் மடல் மூடும். வெப்பத்துக்கு முந்தி வரும் புகையை மறிக்கப் புகையுணர் கருவியோடு இயங்கும் மடல் வேண்டும்.

கித்துல்கலத் தோட்டத் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவலாம். அவன் வீட்டிற் காற்றுக் குழாய் இல்லை. ஆனால் சுவரில் வழி உண்டு. பழைய லயங்கள் பலவற்றில் காம்பிராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைத் தகரம்வரை எட்டுவதில்லை. ஓர் அடுப்பிலோ பழுதடைந்த மின்கம்பியிலோ மூண்ட தீ, அவ்விடைவெளியால் அடுத்த காம்பிராவுக்குத் தாவி வரிசை முழுவதையும் பற்றுகிறது. ஒரே இரவிற் பல குடும்பங்கள் வீடிழந்து, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சாம்பலாகி நிற்பதை மலையகம் மீண்டும் மீண்டும் கண்டுவருகிறது.

இதற்குப் பொறுப்பாளி யார்? பெருந்தோட்டங்களுட் பெரும்பாலானவற்றின் நிலம் அரசுடையது. 1992 முதல் நிருவாகம் கம்பனிகளிடம் உள்ளது. தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்பவனுக்கோ தன் காம்பிராவின் சுவரை உயர்த்தவும் பிறர் அனுமதி வேண்டியிருக்கிறது. உரிமை எவரிடமோ கடமையும் அவரிடமே என்பது நீதியின் பாலபாடம். அரசாங்கமும் கம்பனியும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டித் தப்பவிடலாகாது.

நாம் கோருவன எளியவை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் லயங்களில் இடைச்சுவர்கள் இடைவெளியின்றிக் கூரைவரை கட்டப்படவேண்டும். மின்கம்பிகள் பரிசோதிக்கப்படவேண்டும். காற்றுக் குழாயுள்ள வைத்தியசாலைகளிலும் விடுதிகளிலும் ஒவ்வொரு மடலையும் ஆண்டுதோறும் இயக்கிப் பார்த்து, அதன் சான்றிதழை வாசலில் தொங்கவிடவேண்டும். குடியிருப்போருக்குக் காணியுறுதி வழங்கப்படவேண்டும்.

தீக்குப்பின் பாயும் அரிசியும் கொண்டுவருவோர், தீக்குமுன் நாலு வரிசைக் கல் கொண்டுவரட்டும். செலவும் குறைவு, உயிரும் மிஞ்சும்.